இழுக்கற சக்கரத்துக்குத்தான் ரத்தம்

"எந்த மாதிரி ரோட்டுல ஓட்டப் போறீங்க?" ஷோரூம்ல டை கட்டின தம்பி கேட்டுச்சு.

"தார் ரோட்டுல" அப்படின்னாரு எங்க ஊட்டுக்காரரு.

"பள்ளத்துல" அப்படின்னேன் நான்.

ரெண்டு பேரும் ஒரே மூச்சுல சொன்னோம். அந்தத் தம்பி எங்க மூஞ்சியை மாத்தி மாத்திப் பாத்துப்போட்டு, காப்பி சாப்பிடறீங்களான்னு கேட்டுச்சு. வெவரமான புள்ளை. புருசன் பொண்டாட்டி சண்டைக்கு நடுவுல எத்தனை வண்டி வித்திருக்குமோ.

அப்பறம் அதுவே வெளக்கமாச் சொல்லுச்சு. பிக்கப்புல ரெண்டு வகை. ஒண்ணுல பின்சக்கரம் ரெண்டுதான் வண்டியை இழுக்கும், முன்சக்கரம் சும்மா கூட உருண்டுக்கிட்டு வரும். இன்னொண்ணுல, வேணுங்கறப்ப கியருக்குப் பக்கத்துல ஒரு கம்பியை இழுத்துப் போட்டா நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். தார் ரோட்டுக்கு ரெண்டு போதும், டீசலும் கம்மியாக் குடிக்கும். மணல், சேறுன்னா நாலு இல்லாம ஆகாது. வெளியில இருந்து பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு கடைசியில ஒரு வார்த்தை சொல்லுச்சு. அதை அன்னிக்கு நான் காதுல வாங்கிக்கவே இல்லை.

எங்களுக்கு டீசலும் பிரச்சனை இல்லை, கம்பியும் பிரச்சனை இல்லை. ரெண்டு சக்கரம் இழுக்கற வண்டி பள்ளத்துல எறங்காது. எறங்கலைன்னா தென்னந்தோப்புத் தடத்துலதான் போகணும். தடத்துல போகணும்னா இவரு அவங்க அண்ணனை வெட்டணும், இல்லைன்னா அவங்க அண்ணன் இவரை வெட்டணும். நான் ஷோரூம் படி ஏறினது வண்டிக்காக இல்லை. ஒருத்தரு பொணமாவும் ஒருத்தரு ஜெயில்லயும் ஆயிரக் கூடாதுன்னு ஏறினேன்.

எங்க காடு மதுக்கரைக்குத் தெக்கால, மலையோரத்துல. மாமனாரு போனப்பறம் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பாகம் பிரிச்சாங்க. ரோட்டோரத்துத் தென்னந்தோப்பு மூத்தவருக்கு, கெணத்தோட பின்காடு எங்களுக்கு. பின்காட்டுல இருந்து ரோட்டுக்கு வரணும்னா தோப்புக்குள்ள ஒரு வண்டித் தடம். மாட்டு வண்டி காலத்துல இருந்து இருக்குது. அண்ணன் தம்பிக்குள்ள எதுக்கு எழுத்துன்னு வாய்ப்பேச்சுல உட்டுப்போட்டாங்க.

நாங்க பின்காட்டுல கோழிச் செட்டுப் போட்டதுதான் வெனை. தீவன மூட்டை ஏத்தின லாரி தடத்துல வர ஆரம்பிச்சுது. புழுதி, நாத்தம், தென்னம்புள்ளை வேரு மேல டயரு. என்ர மூத்தாரு, அதான் இவரு அண்ணன், முதல்ல மொனகினாரு, அப்பறம் வஞ்சாரு, ஒரு நாளு காலையில பாத்தா தடத்துக்குக் குறுக்கால கல்லுக்கால் நட்டு முள்ளுக்கம்பி இழுத்துக்கிட்டு இருக்கறாரு.

அன்னிக்குத்தான் முதல் ரத்தம். இவரு மம்பட்டியை எடுத்துக்கிட்டு ஓடினாரு. காம்பால ஒரே போடு, அண்ணன் மண்டை பொளந்துக்கிச்சு. அவரு சும்மா உழுந்து கெடந்தாரா? குழி நோண்டின கடப்பாரையை எடுத்து வீசினாரு, இவரு தோள்பட்டை எலும்பு நொறுங்குன சத்தம் செட்டு வரைக்கும் எனக்குக் கேட்டுச்சு. நான் போய்ச் சேர்றப்ப ரெண்டு பேரும் மண்ணுல கட்டிப் புரண்டுக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தரு வாயில இன்னொருத்தரு காது. ஐம்பது வயசு ஆம்பளைங்க. எனக்கு அழுகை வரலை, கோவம்தான் வந்துச்சு. செட்டுக் கழுவ வெச்சிருந்த பினாயில் வாளியைத் தூக்கிட்டுப் போய் ரெண்டு பேரு காயத்து மேலயும் ஊத்தினேன். எரிச்சல்ல விட்டுப்போட்டுத் துள்ளினாங்க.

ஸ்டேசன்ல சமாதானம் பேசி, கட்டிப் புடிக்க வெச்சு அனுப்பினாங்க. கட்டிப் புடிச்சப்பவே ஒருத்தரை ஒருத்தரு நெறிச்சதை நான் பாத்தேன். கல்லுக்கால் நின்னபடியே நின்னுச்சு. அதுல இருந்து அண்ணன் தம்பிக்குப் பேச்சில்லை.

பேச்சில்லைன்னா மௌனம்னு நெனைச்சுக்காதீங்க. மூத்தாரு அவரு நாயிகிட்டப் பேசுவாரு. "ஏண்டா, கண்ட களவாணியெல்லாம் வேலியோரமா நடக்கறான், கடிக்கத் துப்பில்லை, உனக்குச் சோறு ஒரு கேடா?" இவரு தென்னை மரத்துகிட்டப் பேசுவாரு. "எங்கய்யன் தண்ணி ஊத்தி வளத்தின மரம் நீயி. இப்ப எவனுக்கோ காய்க்கறே, வெக்கமா இல்லை?" நாயும் மரமும் வாங்கின பேச்சுக்கு எந்த மனுசனா இருந்தாலும் தூக்குப் போட்டிருப்பான்.

தடம் போனதுக்கு அப்பறம் எங்களுக்கு மிச்சம் பள்ளம் ஒண்ணுதான். எங்க பக்கம் பள்ளம்னா குழி இல்லை, மலைத்தண்ணி வர்ற ஓடை. மழை இல்லாத நாளுல வெறும் மணலும் உருட்டுக் கல்லும். அதைத் தாண்டி அக்கட்டால ஏறினா வேற ஒரு ரோடு கெடைக்கும். எங்ககிட்ட இருந்தது ஒரு பழைய குட்டி வண்டி. சித்தரை வெயில்ல ஒரு நாளு, போத்தனூர் கறிக்கடைக்குக் கோழி ஏத்திக்கிட்டுப் பள்ளத்துல எறங்குச்சு. நடு மணல்ல பின்சக்கரம் சுத்திச் சுத்திப் பொதைஞ்சே போச்சு.

பிராய்லர் கோழிக்கு வெயில் ஆகாது. காத்தில்லாமக் கூண்டுல நின்னா மூச்சு வாங்கியே செத்துப் போகும். நாங்க மம்பட்டியில மணலைத் தள்ளத் தள்ள, கூண்டுக்குள்ள ஒவ்வொண்ணாத் தலையைத் தொங்கப் போடுது. உசுரோட இருக்கறது செத்தது மேல ஏறி நிக்குது, அப்பறம் அதுவும் சாயுது. கரை மேல மூத்தாரு, பக்கத்துல நாய். "பாத்துக்கடா. ரோசக்காரன் ஊட்டுக் கோழி எப்படிச் சாவுதுன்னு நல்லாப் பாத்துக்க."

இவரு ஜாக்கிக் கம்பியைக் கையில எடுத்துட்டாரு. எடுத்த வெசையைப் பாத்தாலே தெரிஞ்சுது, இது மண்டையோட நிக்காதுன்னு. நான் காலைக் கட்டிக்கிட்டேன். அவரு நிக்கலை, என்னையும் இழுத்துக்கிட்டே கரை ஏறினாரு. முழங்கால் ரெண்டும் கல்லுல உரிஞ்சு போச்சு. என் சீலையில ரத்தம் ஊறினதைப் பாத்துத்தான் கம்பியைக் கீழ போட்டாரு. மூத்தாரும் அதைப் பாத்துப்போட்டுத் திரும்பி நடந்தாரு. செத்த கோழியை எல்லாம் குழி தோண்டிப் பொதைச்சோம். சுண்ணாம்பைக் கொட்டறப்ப முடிவு பண்ணினேன், அடுத்த வண்டி நாலு சக்கரமும் இழுக்கற வண்டின்னு.

இவரு வேற முடிவு பண்ணியிருந்தாரு. ரெண்டு சக்கரம் இழுக்கற வண்டி வாங்கறது, தடத்துலயே உடறது, எவன் குறுக்க வாரான்னு பாக்கறது. கறிக்கடை பாய்கிட்ட நியாயம் கேட்டோம். அவரு எங்க பழைய வாடிக்கை, என்னைத் தங்கச்சின்னும் இவரை மச்சான்னும்தான் கூப்பிடுவாரு. "தங்கச்சி சொல்றதும் சரிதான், மச்சான் சொல்றதும் சரிதான். எதுல வேணும்னாலும் வாங்க, கோழியை மட்டும் உசுரோட கொண்டாங்க" அப்படின்னாரு. யாவாரி கிட்ட நியாயம் கேட்டா அப்படித்தான்.

இப்படித்தான் ஷோரூம்ல வந்து நின்னோம்.

"பள்ளத்துல ஒளிஞ்சு ஒளிஞ்சு போகச் சொல்றியா? எங்கய்யன் போன தடத்தை உட்டுப்போட்டு ஓடையில போறது ஆம்பளை செய்யற காரியமா?" அப்படின்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு, பல்லைக் கடிச்சுக்கிட்டு.

எனக்கு மெதுவாப் பேச வராது. "ரெண்டு சக்கரம் இழுக்கறதே வாங்கிக்கங்க. போற வழியில அருவா ஒண்ணு, வக்கீல் ஒருத்தரு, எனக்கு வெள்ளைச் சீலை ஒண்ணு, எல்லாத்தையும் சேர்த்தே வாங்கிப்போடலாம். திரும்பத் திரும்ப டவுனுக்கு வர வேண்டியதில்லை பாருங்க."

டை கட்டின தம்பி காப்பித் தட்டோட நட்ட கல்லாட்டம் நின்னுச்சு. எங்க ஊருல கழுத்தை நெறிக்கறப்பக் கூட 'ங்க' போட்டுத்தான் நெறிப்போம், அந்தத் தம்பிக்கு வெளியூருன்னு நெனைக்கறேன்.

"ஒளிஞ்சே போங்க. ஆனா உசுரோட போங்க" அப்படின்னேன். அவரு என்னைப் பாத்தாரு, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாரு. நாலு சக்கரம்.

வண்டி வந்துச்சு. வெள்ளைக் கலரு, முன்னாடி மூஞ்சி நல்ல அகலம். ஆனா எங்க குடும்பத்துல ஒரு வழக்கம், புது வண்டி எதுவா இருந்தாலும் கருப்பராயன் கோயில்ல நிறுத்திச் சேவல் அறுத்து, சக்கரத்துல ரத்தம் வெக்காம பாரம் ஏத்தக் கூடாது. அறுக்கற பாத்தியதை குடும்பத்துல மூத்த ஆம்பளைக்கு. மூத்தவரு யாருன்னு உங்களுக்கே தெரியும்.

"அவன் கையால எனக்கு ஒரு மசுரும் வேண்டாம்"னு இவரு குதிச்சாரு. பூசாரி மசியலை. மூத்தவன் கையிலதான் கருப்பன் வாங்குவான், உங்க சண்டையைக் கோயிலுக்கு வெளியில வெச்சுக்கங்கன்னுட்டாரு. ஆள் உட்டுச் சொன்னோம். சாமிக்குன்னா வாரேன்னு பதில் வந்துச்சு.

செட்டு நெறையக் கோழி இருந்தும் சாமிக்குப் பிராய்லர் ஆகாது. நாட்டுச் சேவல் தேடிச் சிங்காநல்லூர் வரைக்கும் அலைஞ்சோம். அமாவாசை அன்னிக்கு வண்டியைக் கோயில் வேப்பமரத்தடியில கொண்டு போய் நிறுத்தினோம். பூசாரி மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம் வெச்சாரு. மூத்தாரு தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு, ஈர வேட்டியோட வந்தாரு. நாயும் பின்னால வந்துச்சு. யாரு மூஞ்சியையும் பாக்கலை. நெத்தியில இவரு அடிச்ச தழும்பு பளபளன்னு இருந்துச்சு.

பூசாரி தண்ணி தெளிச்சதும் சேவல் தலையைச் சிலுப்பி உத்தரவு குடுத்துச்சு. ஒரே வீச்சு. முண்டம் எகிறிப் போய் என் காலடியில உழுந்து, ரெக்கையை அடிச்சுக்கிட்டுச் சுத்துச்சு. மூத்தாரு கழுத்தைப் புடிச்சுத் தூக்கி, வண்டிக்குப் பின்னால போனாரு. வலப்பக்கத்துச் சக்கரத்துல ரத்தத்தை வெச்சாரு, இடப்பக்கத்துல வெச்சாரு. சேவலைப் பூசாரிகிட்டப் போட்டாரு. அருவாளைக் கல்லு மேல வெச்சுப்போட்டுக் கை கழுவக் குழாய்ப் பக்கம் நடந்தாரு.

முன்சக்கரம் ரெண்டும் வெறுமனே நின்னுச்சு.

நாங்க காத்திருந்தோம். கை கழுவிப்போட்டு வருவாருன்னு நானும் நெனைச்சேன். அவரு துண்டுல கையைத் தொடைச்சுக்கிட்டு நாயைப் பாத்து, "வேலை முடிஞ்சுது, வா போலாம்" அப்படின்னாரு.

"முன்னால?" அப்படின்னாரு இவரு. அத்தனை காலத்துக்கு அப்பறம் அண்ணன்கிட்ட நேரா கேட்ட முதல் வார்த்தை அதுதான். மூத்தாரு காதுல உழுந்துச்சோ என்னமோ, நடந்துக்கிட்டே இருந்தாரு.

"பாத்தியா? முன்சக்கரத்துக்கு ரத்தம் வெக்காமப் போறான். இது போய் எதுலயாவது முட்டி நான் சாகட்டும்னு போறான். கோயில்ல வெச்சே எனக்குக் குழி தோண்டறான்." சொல்லச் சொல்ல இவரு கண்ணு செவந்துக்கிட்டே போச்சு. கல்லு மேல இருந்த அருவா எப்ப அவரு கைக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியாது. சேவல் ரத்தம் காயாமச் சொட்டிக்கிட்டு இருந்துச்சு.

நான் குறுக்கால போய்ப் புடிச்சேன். புடியைப் புடிக்கத்தான் போனேன், கெடைச்சது வெட்டுவாய். இடது கையில இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். அவரு இழுத்தாரு. என் கைன்னு தெரியாம இழுத்தாரோ, தெரிஞ்சும் நிறுத்த முடியாம இழுத்தாரோ, இன்னி வரைக்கும் நான் கேக்கலை. கேட்டா பதில் சொல்லிப்போடுவாருன்னு பயம். முதல்ல வலி இல்லை, கதகதன்னு இருந்துச்சு. அப்பறம் கையைத் தொறந்தா உள்ள வெள்ளையா என்னமோ தெரிஞ்சுது.

சத்தம் கேட்டு மூத்தாரு திரும்பினாரு. அருவாளோட தம்பியைப் பாத்ததும் குனிஞ்சு ஒரு கல்லை எடுத்தாரு, தலை அளவுக் கல்லு. நடுவுல நான். ஒரு பக்கம் அருவா, ஒரு பக்கம் கல்லு. என் கையில இருந்து ரத்தம் மண்ணுல கொட்டுது. ரெண்டு பேருல ஒருத்தரும் என்னைப் பாக்கலை, ஒருத்தரை ஒருத்தரு பாத்துக்கிட்டு நின்னாங்க. அப்ப எனக்கு வந்த வெறி சாமானியமானது இல்லை. அந்த அருவா என் கைக்கு வந்திருந்தா ரெண்டு தலையையும் நானே எடுத்திருப்பேன்.

நேரா வண்டிக்கு முன்னால போனேன். என் கையை முன்சக்கரத்துல வெச்சு அப்பினேன். அந்தப் பக்கம் சுத்திப் போய் இன்னொண்ணுலயும் அப்பினேன். டயரு மேல அஞ்சு விரலும் பதிஞ்சுது.

"போதுமுங்களா? நாலுக்கும் ஆச்சுங்களா? இன்னும் எதுக்காவது வேணும்னா சொல்லுங்க, இன்னொரு கை இருக்குது. நாசமாப் போங்க ரெண்டு பேரும்."

மூத்தாரு கையில இருந்த கல்லு கீழ உழுந்துச்சு. அவரு சக்கரத்தைப் பாத்தாரு, என் கையைப் பாத்தாரு.

"அம்மணி" அப்படின்னாரு. "எங்கய்யன் டிராக்டருக்கும் பெரிய சக்கரம் ரெண்டுக்குத்தான வெச்சாரு. இழுக்கற சக்கரத்துக்குத்தான் கண்ணு நாங்க ரத்தம் வெக்கறது. இது முன்னாலயும் இழுக்கும்னு எனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லலை. வெளியில இருந்து பாத்தா வித்தியாசம் தெரியாதுன்னு ஷோரூம்ல அந்தத் தம்பி சொன்னது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அண்ணன் தம்பி பேசிக்கிட்டிருந்தா, என்ன வண்டிடா வாங்கினேன்னு அவரு கேட்டிருப்பாரு, நாலு சக்கரமும் இழுக்கும்னு இவரு பீத்திக்கிட்டிருப்பாரு. நாயிகிட்டயும் மரத்துகிட்டயும் அத்தனை பேசினவங்க இதை மட்டும் பேசலை. இவரு அருவாளைக் கீழ போட்டுப்போட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாரு. அப்படி ஒரு அடி, எனக்குக் கையை உட அந்தச் சத்தம்தான் வலிச்சுது.

மூத்தாரு துண்டை அவுத்து என் கையைச் சுத்திக் கட்டினாரு. ஆஸ்பத்திரிக்கு இவரு ஓட்டினாரு. காந்திபுரம் சிக்னல்ல டவுன் பஸ்ஸுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கறப்ப, பக்கத்து பைக்குக்காரன் எங்க டயரைப் பாத்து மூஞ்சியைச் சுளிச்சான். எப்படி ஆச்சுன்னு டாக்டரு கேட்டதுக்கு, "சேவல் அறுத்தோமுங்க" அப்படின்னாரு இவரு. நானும் ஆமாங்கன்னேன். பொய்யில்லையே.

தையல் போட்டு, கட்டுப் போட்டு, பயிற்சி சொல்லிக் குடுத்து எல்லாம் ஆச்சு. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மடங்கும். மத்த மூணும் வெறகுக் குச்சி.

இதுக்கப்பறம் அண்ணனும் தம்பியும் சேர்ந்துட்டாங்கன்னு நீங்க நெனைச்சா, எங்க ஊரு ஆளுங்களை உங்களுக்குத் தெரியாது. வெக்கம் வேற சேர்ந்துக்கிச்சு. முன்னாடி கோவத்துல பேசலை, இப்ப மூஞ்சியில முழிக்க முடியாமப் பேசலை. கல்லுக்கால் அப்படியே நின்னுச்சு. இவரு ஒரு புது அருவா வாங்கி, துணி சுத்தி வண்டி சீட்டுக்கு அடியில வெச்சுக்கிட்டாரு. எதுக்குங்கன்னு கேட்டேன். ஒரு தைரியத்துக்குன்னாரு. என் மூணு விரலு போயும் இது முடியலையான்னு இருந்துச்சு.

வண்டி மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாத்துச்சு. கம்பியை இழுத்துப் போட்டா மணலைப் பொளந்துக்கிட்டு ஏறும். ஆனா முன்சக்கரமும் இழுக்கறதால கல்லு மேல ஏறறப்ப ஸ்டியரிங் வெடுக்குன்னு கையை உதறும். ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிக்கணும். இவரு குஞ்சுக்குச் சொல்லி வெக்கப் பஸ்ஸுல பல்லடம் போன ஒரு நாளு, தீவனம் தீந்து போச்சுன்னு நானே எடுத்துக்கிட்டுப் பள்ளத்துல எறங்கினேன். நடு மணல்ல ஒரு கல்லு முன்சக்கரத்தைத் தூக்கிப் போட்டுச்சு. வலது கை தாங்குச்சு, இடது கை தாங்கலை. ஸ்டியரிங் பிச்சுக்கிட்டுச் சுத்தி, வண்டி போய்ப் பாறையில மோதி நின்னுச்சு. என் நெத்தி கண்ணாடியில அடிச்சு ரத்தம் கண்ணுல வழிஞ்சுது.

நிமுந்து பாத்தா கரை மேல மூத்தாரும் நாயும்.

"பாருங்க, நல்லாப் பாருங்க. நாயிக்கும் காட்டுங்க. இதுக்குத்தான நிக்கறீங்க?" அப்படின்னு கத்தினேன். வாயில வந்ததை எல்லாம் பேசினேன், அதையெல்லாம் இங்க எழுத முடியாது. அவரு திரும்பிப் போனாரு. செத்த நேரத்துல கட்டிங் பிளேயர்ல கம்பி அறுபடற சத்தம் கேட்டுச்சு. தடத்துல ரெண்டு கல்லுக்காலுக்கு நடுவுல இருந்த முள்ளுக்கம்பியை அறுத்துச் சுருட்டிப் போட்டுப்போட்டு, ஓரமாப் போய் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாரு. நான் வண்டியைப் பின்னால எடுத்து, அந்த வழியாப் போனேன். நன்றின்னு சொல்லலை. சொல்லத் தோணலை.

மறு வாரம் அந்த இடத்துல மூங்கில்ல கட்டின படல் கதவு ஒண்ணு இருந்துச்சு. படலுக்கு ஒரு கொக்கி, ஒத்தைக் கையில தட்டிக் கழட்டற மாதிரி. அந்தக் கொக்கியைப் பாத்தப்பத்தான் அழுதேன். கை போனப்பக் கூட அழுகலை.

இவருக்குத் தெரிஞ்சப்ப வண்டிக் கதவுல ஒரு குத்து உட்டாரு, தகரம் உள்ள போயிருச்சு. "அவன் போட்ட பிச்சையில போவியா?" "போவேனுங்க. எனக்கு ஒரு கைதான் இருக்குது" அப்படின்னேன். அதுல இருந்து நான் ஓட்டினா தடத்துல போகும், ரெண்டு சக்கரம் போதும். அவரு ஓட்டினா பள்ளத்துல போகும், நாலு சக்கரம். ஷோரூம்ல அத்தனை சண்டை போட்டு ஒண்ணைத் தேர்ந்தெடுத்து, கடைசியில ரெண்டு வண்டி வெச்சிருக்கற மாதிரி ஆயிருச்சு.

போன ஐப்பசியில மலையில நல்ல மழை. காலையில பாத்தா பள்ளத்துல தண்ணி செவப்பா, கரை தொட்டுப் போகுது. நாலு சக்கரமில்லை, நாப்பது இருந்தாலும் எறங்க முடியாது. ஞாயித்துக்கெழமை, கோழி கடைக்குப் போயே ஆகணும். இவருக்கு முந்தின நாளு வழுக்கி உழுந்து கணுக்கால் வீங்கியிருந்துச்சு. நான் ஓட்டறேன்னு ஏறினேன். அவரு கரையையும் பாத்தாரு, கூண்டையும் பாத்தாரு, எனக்குப் பக்கத்துல ஏறி உக்காந்தாரு.

தடத்துக்குத் திருப்பினேன். படலுக்கு முன்னால மூத்தாரு நிக்கறாரு. மட்டை வெட்டிக்கிட்டு இருந்தாரு போல, கையில அருவா. வண்டியைப் பாத்தாரு. என் பக்கத்துல யாருன்னு பாத்தாரு. நகரலை.

இவரு கை சீட்டுக்கு அடியில போச்சு. துணி உரசற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. இஞ்சின் ஓடுது, கோழி கத்துது. என் இடது கையை எடுத்து அவரு மணிக்கட்டு மேல வெச்சேன். புடிக்கத்தான் வெச்சேன். விரலு மடங்கலை. நீட்டினது நீட்டினபடி அவரு கை மேல கெடந்துச்சு. அவரு குனிஞ்சு அதையே பாத்தாரு. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மூத்தாரும் அதையேதான் பாத்துக்கிட்டு நின்னாரு.

மூத்தாரு அருவாளை மரத்துல கொத்தி உட்டுப்போட்டு, கொக்கியைத் தட்டிப் படலைத் தொறந்தாரு. நான் கியரைப் போட்டேன். வண்டி அவரைத் தாண்டறப்ப நாயைப் பாத்துச் சொன்னாரு.

"முன்சக்கரத்துல காத்துக் கம்மியா இருக்குது. பாத்துப் போகச் சொல்லு."

கடைசித் தென்னை வந்ததும் இவரு தலையை வெளியில நீட்டி, மரத்தைப் பாத்து, "போத்தனூர்ல காத்து அடிச்சுக்கறோம்னு சொல்லு" அப்படின்னாரு. சத்தமாத்தான் சொன்னாரு, பின்னால நிக்கறவருக்குக் கேக்கற மாதிரி. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என் மூணு விரலைக் குடுத்து இந்த ரெண்டு வாக்கியத்தை வாங்கியிருக்கறேன், அதுலயும் ஒண்ணு நாயிக்கு, ஒண்ணு மரத்துக்கு. பல்லைக் கடிச்சுக்கிட்டு வண்டியை ஓட்டினேன். கண்ணுல தண்ணி நிக்கலை.

போத்தனூர்ல இவரு நொண்டிக்கிட்டே எறங்கி, முன்சக்கரம் ரெண்டுக்கும் தானே குத்த வெச்சுக் காத்து அடிச்சாரு. கறிக்கடையில கூண்டை எறக்கி முடிச்சதும், சீட்டுக்கு அடியில கையை உட்டு அந்தத் துணிச் சுருளை எடுத்து, கறி வெட்டற மேடை மேல வெச்சாரு.

"இது உங்களுக்கு ஆகுமான்னு பாருங்க பாய்."

பாய் பிரிச்சுப் பாத்தாரு. பதம் பாக்கக் கட்டை விரலை ஓட்டிப்போட்டு இவரை நிமுந்து பாத்தாரு. "கோழிக்கு இவ்வளவு பெருசு எதுக்கு மச்சான்?"

"எதுக்கும் இல்லைங்க. நீங்களே வெச்சுக்கங்க" அப்படின்னாரு இவரு.